கல்லுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி!

செங்குத்தான மலைச்சரிவு. அதுல திராட்சை பயிர் பண்ணணும். சிமென்ட் கிடையாது. என்ன செய்வீங்க ஃப்ரெண்ட்ஸ்?

இத்தாலியின் சிங்க்வே தெர்ரே விவசாயிகள் பல நூறு வருஷத்துக்கு முன்பே வழி கண்டுபிடிச்சிட்டாங்க. மலையைப் படிப்படியா வெட்டி, ஒவ்வொரு படிக்கும் அங்கேயே கிடைச்ச கல்லால் தடுப்புச் சுவர். கலவை எதுவும் கிடையாது, வெறும் அடுக்குதான்!

சூட்சுமம் மூணு. அடியில் பெரிய கல். சுவர் லேசா மலைப்பக்கம் சாயணும். பின்னால் சின்னக் கல் நிரப்பணும். மழைத்தண்ணி இடுக்கு வழியா கசிஞ்சு வெளியேறிடும். வழி இல்லாம தேங்கினா, அந்தத் தண்ணியே சுவரைத் தள்ளிடும். சிவில் பசங்களே, ரீடெய்னிங் வால்ல 'வீப் ஹோல்' விடச் சொல்றது இதுக்குத்தான்!

ஆனா, சரிஞ்ச கல்லை எடுத்து அடுக்க ஆள் வேணுமே? இளசுகள் வேற வேலை தேடிக் கிளம்ப, பல படிகள் கேட்பாரற்றுப் போயின. 2011 அக்டோபர் 25... பேய்மழை. வெர்னாட்சா, மான்டெரோசோ ஊர்களுக்குள் சேறு புகுந்து உயிர்ப்பலியும் ஆனது. பயிர் இருந்த படிகளைவிட, கைவிட்ட படிகளில்தான் சரிவு அதிகம் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள்.

2018-ல் இத்தாலி உட்பட 8 நாடுகளின் இந்தக் கல் அடுக்கும் கலையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனா, பட்டியல் வந்து கல் அடுக்காது பாஸ்... கைதான் அடுக்கணும்!