ஏழு வரக்கூடாத இடங்கள்

கடினமான சுடோகுவில் ஓர் எண் எங்கே வரும் என்று தேடுவது பாதி வழிவரைதான் உதவும். அதற்குமேல் அது எங்கெல்லாம் வராது என்று பார்க்க வேண்டும். பெரிய பெயர்களோடு உலவும் உத்திகள் எல்லாமே கழித்துக்கட்டும் வேலைகள்தான். அதற்கு அடிப்படை பென்சில் குறிப்பு: காலியான ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே வரக்கூடிய எண்களைப் பொடியாக எழுதிவைப்பது. அதில் ஒன்று விட்டுப்போனாலும் பின்னால் வரும் தர்க்கம் அத்தனையும் பாழ்.

ஜோடிகள் முதல் படி. ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களில் 4, 9 மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், அவ்விரண்டு எண்களும் அங்கேயே முடங்கிவிடும். வரிசையின் மற்றக் கட்டங்களிலிருந்து 4-ஐயும் 9-ஐயும் அழித்துவிடலாம். மறைந்த ஜோடி இதன் மறுபக்கம். ஒரு 3×3 பெட்டிக்குள் 4-க்கும் 9-க்கும் அதே இரண்டு கட்டங்களை விட்டால் வேறு இடமில்லை என்றால், அந்தக் கட்டங்களில் உள்ள பிற குறிப்புகள் வெறும் கூட்டம்தான். பலர் திணறுவது இங்கேதான். கூட்டத்துக்கு நடுவே நிற்கும் ஜோடி எளிதில் கண்ணில் படாது.

அடுத்தது எக்ஸ் விங். 7 என்ற எண்ணை மட்டும் பின்தொடர்ந்தால் இது விளங்கும். 2-ஆம் வரிசையில் 7 வர இரண்டே இடங்கள்: 3-ஆம், 8-ஆம் நெடுவரிசைகள். 6-ஆம் வரிசையிலும் அதே இரண்டு நெடுவரிசைகள்தான். மேலே 3-இல் வந்தால் கீழே 8-இல் வரும். மேலே 8-இல் வந்தால் கீழே 3-இல் வரும். எப்படி வந்தாலும் இவ்விரு நெடுவரிசைகளுக்கு உரிய 7 இந்த இரு வரிசைகளிலேயே முடிந்துபோகிறது. ஆகவே அவற்றின் மற்றக் கட்டங்களில் உள்ள 7-களை அடித்துவிடலாம். எந்த 7 எங்கே என்று தெரியாமலேயே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. இதையே மூன்று வரிசை, மூன்று நெடுவரிசைக்கு விரித்தால் ஸ்வார்ட்ஃபிஷ். அழகானதுதான், ஆனால் தேடும் நேரத்துக்குப் பலன் குறைவு.

எக்ஸ்-ஒய் விங்கில் மூன்று கட்டங்களும் மூன்று எண்களும் வேண்டும். இடது மேல் மூலையில் 3, 5. அதே வரிசையின் 7-ஆம் கட்டத்தில் 3, 8. மூலைக் கட்டம் உள்ள அதே பெட்டியில், 3-ஆம் வரிசையின் 2-ஆம் கட்டத்தில் 5, 8. மூலையில் 3 வந்தால் 7-ஆம் கட்டம் 8 ஆகும்; 5 வந்தால் மற்றது 8 ஆகும். இரண்டில் ஒன்று 8 என்பது உறுதி. எனவே இரண்டையும் பார்க்கும், அதாவது இரண்டோடும் வரிசையையோ நெடுவரிசையையோ பெட்டியையோ பகிரும் கட்டங்களில் 8-க்கு இடமில்லை: முதல் வரிசையின் 2, 3-ஆம் கட்டங்களும் மூன்றாம் வரிசையின் 7, 8, 9-ஆம் கட்டங்களும். நாளிதழ்களின் கடினப் புதிர்களில் முட்டி நிற்பவர்களுக்கு ஸ்வார்ட்ஃபிஷைவிட இதுவே கைகொடுக்கும்.

சர்ச்சைக்குரிய உத்தியும் ஒன்று உண்டு. இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, சரியாக இரண்டு பெட்டிகளுக்குள் அமையும் நான்கு காலி மூலைகள். மூன்றில் 2, 6 மட்டும். நான்காவதில் 2, 6, 9. அங்கே 9 வராவிட்டால் 2-ஐயும் 6-ஐயும் இடம் மாற்றிப் போட்டும் புதிர் முடியும்; அதாவது இரண்டு விடைகள். சரியான சுடோகுவுக்கு ஒரே விடைதான், ஆகவே 9. புதிரைவிட்டுப் புதிர் போட்டவரை நம்பும் வாதம் இது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஒரே விடை என்பதும் ஆட்டத்தின் விதிதானே, பயன்படுத்துவதில் தவறில்லை.

பின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இங்காலாவின் புதிர்களுக்கு முன் இவை எதுவும் போதாது. அங்கே ஓர் ஊகத்திலிருந்து முரண்பாடு வரும்வரை நீளும் சங்கிலிகள் வேண்டும். 2012-இல் பேசப்பட்ட அவருடைய புதிரில் தரப்பட்ட எண்கள் 21. அதே ஆண்டு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவயர் குழு, ஒரே விடை கிடைக்கக் குறைந்தது 17 எண்கள் தரப்பட வேண்டும் என்பதைக் கணினியால் நிறுவியது. அந்த 17 எண் புதிர்களில் பல, ஜோடிகளைக்கூடத் தேடாமல் முடிந்துவிடுபவை.