மறைத்து வைக்கப்படும் மூலம்

உயிரற்றுப்போன கைப்பேசியோடு கடையேறினால் நாம் பெரும்பாலும் கேட்கும் விடை ஒன்றுதான்: "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்." மாற்றினால் கருவி பிழைக்கும், அதிலுள்ள படங்களும் குரல்பதிவுகளும் பிழைக்கா. சேமிப்புச் சில்லு அந்தப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதை மட்டும் பெயர்த்து வேறொன்றில் பொருத்தினாலும் பயனில்லை. பூட்டைத் திறக்கும் சாவி பழைய செயலியோடு பிணைந்திருக்கிறது. ஆகவே மாற்றுவது வேறு, பழுதுபார்ப்பது வேறு. பின்னதற்கு மின்சுற்று வரைபடம் வேண்டும்.

ஐஃபோன் எக்ஸை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் 'விடிடி மெயின்' என்று பெயரிடப்பட்டிருக்கும் முதன்மை மின்தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே மணலளவுக் கெபாசிட்டர்கள் ஏராளம். ஒன்று ஷார்ட் ஆனாலும் தடம் முழுவதும் ஷார்ட். மல்டிமீட்டரை எதன்மீது வைத்தாலும் ஏறக்குறையச் சுழியமே காட்டும். எனவே ரோசினை ஆவியாக்கி வெண்படலமாய்ப் படியவிட்டு, தடம் தாங்கும் அளவுக்கு மிகாத மின்னழுத்தம் செலுத்துவர். கெட்டது சூடேறும், அவ்விடத்தில் படலம் உருகும். கண்டாயிற்று, அதை எடுத்துவிடலாமா? இதற்கு மீட்டர் விடை சொல்லாது. மின்னோட்டத்தைச் சீராக்க நிற்கும் பலவற்றுள் அது ஒன்றெனில், இல்லாமலும் கருவி பெரும்பாலும் இயங்கும். சுட்டது ஐசி எனில் கதை வேறு. அது எத்தடங்களுக்கு மின்சாரம் பகிர்கிறது என்று பக்கம்பக்கமாகத் தேடிச் செல்லவேண்டும். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுகூட்டிப் பொருள்காணும் நச்சினார்க்கினியர் வேலைதான் இது. மூலம் கையில் இல்லாவிட்டால் அவர்தாம் என்ன செய்திருப்பார்?

வால்வு ரேடியோக் காலத்தில் பெட்டிக்குள்ளேயே ஒட்டித் தரப்பட்ட காகிதம் இன்று வணிக இரகசியம்! கசிந்த பிரதிகளும், சீனத்திலிருந்து வரும் இசட்.எக்ஸ்.டபிள்யூ. போன்ற மென்பொருள்களுமே கடைக்காரர்களுக்குத் துணை. போட்டியாளருக்கு அஞ்சியே மறைக்கிறோம் என்பது நம்பத்தக்கதன்று. போர்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் படிக்கும் பணமும் கருவியும் போட்டியாளரிடம் உண்டு. தெருமுனைக் கடைக்காரரிடம்தான் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1670 விதிமுறை, 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைப்பேசிகளுக்கு, பழுதறியத் தேவையான போர்டு வரைபடங்களைத் தொழில்முறைப் பழுதுபார்ப்போருக்குத் தரச் சொல்கிறது. 'தேவையான' என்பதன் எல்லையை நிறுவனங்களே வகுத்துக்கொள்ளுமோ என்ற ஐயம் நமக்குண்டு. ஆயினும் வரைபடம் என்ற சொல் சட்டத்துள் நுழைந்துவிட்டது. இந்தியாவில் 2022 டிசம்பரில் நடுவண் அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் கையேடுகளையும் சேவை விவரங்களையும் திரட்டித் தரும் முயற்சி. இறந்த தந்தையின் குரல் உறங்கும் கைப்பேசியோடு நிற்பவருக்குச் சேவை மைய எண்ணால் என்ன பயன்? ஐரோப்பாவில் எழுதிய அந்த ஒரு வரியை நாமும் கேட்கலாம்.