பாக் சே ரி விழுந்ததும் எழுந்ததும்

கோல்ப் ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டதில்லை. பரந்த புல்வெளி, மட்டைப் பையைச் சுமந்து பின்னால் நடக்கும் ஆள், செல்வந்தரின் மாலைப்பொழுது என்ற அளவில்தான் அதை அறிவோம். அந்த எண்ணத்தில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் அந்த ஆட்டத்தில் ஒரு தென்கொரியப் பெண் பெற்ற வெற்றியையும், அதைவிட முக்கியமாக, அவர் பட்ட தோல்வியையும் மாணவர்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் பெயர் பாக் சே ரி. கொரிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னே வரும். ஆகவே பாக் என்பது குடும்பம். சே ரி என்பது அவர்.

1977ஆம் ஆண்டு தேஜோன் நகரில் பிறந்தவர். பள்ளியில் ஓட்டப் பந்தய வீராங்கனை. தந்தையே முதல் ஆசான். விடியுமுன் எழுப்பிப் பதினைந்து மாடிப் படிகளை ஏறி இறங்கச் செய்தார் என்றும், அச்சம் போக இரவில் இடுகாட்டில் நிற்க வைத்தார் என்றும் அமெரிக்கப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. இக்கதைகளை வியந்து சொல்வோர் பலர். எனக்கு அவற்றில் வியப்பு தோன்றுவதில்லை. இருட்டில் நின்ற அந்தச் சிறுமியின் நினைவே வருகிறது.

1998இல் அவர் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சுற்றில் புதியவராகச் சேர்ந்தார். வயது இருபது. அந்த ஆண்டு மே மாதத்தில் அச்சுற்றின் பெரும்போட்டிகளுள் ஒன்றை வென்றார். ஜூலையில் விஸ்கான்சின் மாநிலத்துப் பிளாக்வுல்ஃப் ரன் திடலில் அமெரிக்க மகளிர் ஓப்பன். கோல்பில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. நான்கு நாள், எழுபத்திரண்டு குழி ஆடியும் அவரும் ஜென்னி சுவாசிரிபோர்ன் என்ற கல்லூரி மாணவியும் சமமாக நின்றனர். மறுநாள் பதினெட்டுக் குழிகள் கொண்ட தனி ஆட்டம்.

அந்தப் பதினெட்டாவது குழியில்தான் பாக் அடித்த பந்து இடப்புறம் விலகி, குளக்கரைச் சரிவில் புல்லுக்குள் சிக்கியது. ஓர் அடி அபராதம் ஏற்றுப் பந்தை வேறிடத்தில் போட்டு ஆடியிருக்கலாம். அவர் காலணியைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், தண்ணீரில் இறங்கி நின்று பந்தை வெளியே எடுத்து அடித்தார். கணுக்கால் வரை வெயிலில் கறுத்த கால்கள். அதற்குக் கீழே பாதங்கள் மட்டும் வெள்ளை வெளேர் என்றிருந்தன. எத்தனை ஆண்டுகள் அந்தக் காலுறைக்குள் அவை கிடந்திருக்கும் என்பதைத் தொலைக்காட்சி பார்த்த எல்லோரும் ஒரு கணத்தில் கண்டுகொண்டனர். பதினெட்டுக் குழிகளிலும் மீண்டும் சமம். மேலும் இரண்டு குழி ஆடி, மொத்தம் தொண்ணூற்றிரண்டாவது குழியில் பாக் வென்றார். அதுவரை அப்பட்டத்தை வென்றவர்களில் அவரே மிக இளையவர்.

அப்போது கொரியாவில் செவ்வாய்க்கிழமை அதிகாலை. அந்நாடு அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதை அறியாமல் இவ்வெற்றியின் கனத்தை அறிய முடியாது. 1997 இறுதியில் அந்நியச் செலாவணி வற்றிப் போய், பன்னாட்டு நிதியத்திடம் கையேந்த நேர்ந்தது. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. வேலை இழந்தோர் வீதியில் நின்றனர். 1998 தொடக்கத்தில் மக்கள் தம் திருமண மோதிரங்களையும் குழந்தைகளின் முதல் பிறந்தநாள் மோதிரங்களையும் வரிசையில் நின்று கொடுத்தனர். அப்படிச் சேர்ந்த தங்கம் ஏறத்தாழ 227 டன். அந்த மக்களுக்குத்தான் இந்த வெள்ளைப் பாதங்கள் கிடைத்தன. அரசு விளம்பரத்தில் அக்காட்சியைப் பாட்டோடு சேர்த்து ஓட்டினார்கள். மறுவாரமே ஒஹையோவில் ஒரு சுற்றை 61 அடிகளில் முடித்து இன்னொரு பட்டமும் வென்றார். வெறி பிடித்தாற்போல் கொண்டாடினர்.

அந்த இலையுதிர் காலத்தில் தாயகம் திரும்பிய பெண், வரவேற்பு, விருந்து, ஊர்வலம் என்று இழுக்கப்பட்டு, களைப்பால் சியோல் மருத்துவமனையில் படுத்தார். புகைப்படக்காரர்கள் அங்கும் போனார்கள். இந்த ஒரு செய்தியில் பின்னால் வந்ததெல்லாம் அடங்கியிருந்தது என்பேன். ஆனால் அன்று யார் அதைப் படித்தார்கள்?

பிறகு சில ஆண்டுகள் ஏறுமுகமே. 2001இல் பிரிட்டிஷ் மகளிர் ஓப்பன், 2002இல் மீண்டும் ஒரு பெரும்போட்டி, 2003இல் கொரிய ஆடவர் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு பத்தாவது இடம். 2004 மே மாதம் வர்ஜீனியாவில் பெற்ற வெற்றியோடு புகழ்மண்டபத்துக்கு வேண்டிய 27 புள்ளிகளும் நிறைந்தன. அன்றைய விதிப்படி பத்து ஆண்டுகள் ஆடியிருந்தால்தான் உள்ளே அனுமதி. ஆகவே இருபத்தாறு வயதில், அடைய வேண்டியதை அடைந்துவிட்டு, கதவு திறக்க மூன்றாண்டுகள் காத்திருக்கும் நிலை.

அங்கேதான் சரிந்தார். அடித்த பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை. பயிற்சியைக் கூட்டினார், பந்து மேலும் விலகியது. எண்பதுக்கு மேல் அடிகள் எடுக்கும் நாட்கள் வந்தன. 2005இல் விரலில் காயம். மட்டையைக் கீழே வைக்க வேண்டி வந்தது. அவ்வாண்டு வருவாய்ப் பட்டியலில் நூறு பேருக்கும் பின்னால் அவர் பெயர் இருந்தது. அவர் காலம் முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. கொண்டாடியவர்களும் அவர்களே.

இதற்குக் காரணம் சோம்பல் என்றோ செருக்கு என்றோ சொல்வது எளிது. கடின உழைப்பு ஒன்றே போதும் என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பாக் உழைப்பில் குறைந்தவரா? உழைப்பு ஒன்றையே அறிந்ததுதான் அவருடைய இடர். கோல்பைக் கற்றவர் ஓய்வைக் கற்கவில்லை என்ற பொருளில் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நாட்டின் துயரத்தை இருபது வயதுப் பெண்ணின் தோளில் ஏற்றியது சரியா? அவர் ஆடியது ஓர் ஆட்டம். கடன் சுமையை இறக்க அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவரும் அதற்கு ஒப்பவில்லை. ஏற்றியவர்கள் கைதட்டிவிட்டு வீடு போய்விட்டார்கள். சுமை அவரிடமே நின்றது.

'அந்தப் புகழ்தானே அவருக்குப் பணமும் பெயரும் தந்தது' என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். தந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்று தோற்ற ஜென்னியை எண்ணிப் பாருங்கள். எழுபத்திரண்டாவது குழியில் நாற்பது அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழியில் சேர்த்து ஆட்டத்தைச் சமமாக்கியவர் அவர். மறுநாள் வெல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தும் தவறியது. தொழில்முறையில் சில காலம் முயன்று, நிலைக்க முடியாமல், ஆட்டத்தை விட்டுச் செவிலியர் ஆனார். அவரைத் தோற்றவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பாக் எழுந்தது 2006 ஜூனில். மேரிலாந்தில் நடந்த பெரும்போட்டியில் ஆஸ்திரேலியாவின் கேரி வெப்புடன் சமமாகி, தனி ஆட்டத்தின் முதல் குழியிலேயே ஏறத்தாழ இருநூறு கஜத்திலிருந்து அடித்த பந்து குழியின் ஓரத்தில் போய் நின்றது. அந்த அடியைப் பற்றிப் பாட்டுப் போட்ட விளம்பரம் எதுவும் இல்லை. எனக்கோ குளக்கரை அடியைவிட இதுவே பெரிது. முன்னதை அடித்தபோது தோல்வி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. இரண்டாண்டுகள் அதனோடு குடியிருந்தபின் அடித்தது இது.

2007இல் புகழ்மண்டபம் திறந்தது. கொரியர்களில் அவரே முதல்வர். 2010இல் இருபத்தைந்தாவதும் கடைசியுமான பட்டம். இதற்கிடையே 1998இல் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்த சிறுமிகள் வளர்ந்து வந்துவிட்டனர். அவர்களுள் ஒருவரான பாக் இன்பீ 2008இல் பத்தொன்பது வயதில் அதே அமெரிக்க ஓப்பனை வென்று, மிக இளையவர் என்ற பெயரைத் தட்டிச் சென்றார். 2012இல் போட்டி மறுபடியும் அந்தப் பிளாக்வுல்ஃப் ரன் திடலுக்கே வந்தது. வென்றவர் சோய் நா யியோன், அவரும் கொரியர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இன்பீ தங்கம் வென்றபோது அணியின் பயிற்றுநராக நின்றவர் பாக் சே ரி.

அதே ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் இன்சோனில் அவர் தம் கடைசிச் சுற்றை ஆடினார். எண்பது அடிகள். பதினெட்டாவது குழியருகே இளைய வீராங்கனைகள் அவருக்காகக் காத்து நின்றார்கள். பந்து குழியில் விழுமுன்பே அவர் அழத் தொடங்கிவிட்டார்.