பின்னால் வைத்தால் நிறையுமா? ஈரிருக்கைக் காரின் ஸ்பீக்கர் நம்பிக்கைக்கு ஒரு மறுப்பு

ஸ்போர்ட்ஸ் கார்களை, அவற்றுள்ளும் குறிப்பாக இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கார்களை வைத்திருப்போரிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் ஸ்டீரியோவின் ஒலி மெலிந்து கேட்பதற்குக் காரணம் ஸ்பீக்கர்கள் கதவுகளில் மட்டும் இருப்பதே என்றும், இருக்கைகளுக்குப் பின்னால் மேலும் இரண்டைப் பொருத்திவிட்டால் இசை நிறைவு பெற்றுவிடும் என்றும் அது கூறுகிறது. குறை உண்மையானதுதான், மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற திறந்த கூரைக் கார் நெடுஞ்சாலையில் விரையும்போது காற்றின் இரைச்சலையும் டயர்களின் இரைச்சலையும் மீறிப் பாட்டைக் கேட்கச் செய்யக் கதவு ஸ்பீக்கர்கள் திணறுகின்றன. ஆனால் அக்குறைக்குச் சொல்லப்படும் காரணமும் பரிந்துரைக்கப்படும் மருந்தும் பிழையானவை. இக்கருத்தைத் தாங்கி நிற்கும் ஐந்து வாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், ஈரிருக்கைக் காரில் குறைவாக இருப்பவை ஆற்றலும் ஆழ்ந்த ஒலியும் நேர ஒழுங்குமே அன்றி ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை அன்று என்பது விளங்கும்.

ஸ்பீக்கர்கள் கூடினால் ஒலியளவும் கூடும் என்பது முதல் வாதம். கூடும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு கூடும் என்பதே கேள்வி. ஒலியளவைக் குறிக்கும் டெசிபெல் என்னும் அலகு மடக்கை முறையில் அமைந்தது. ஆற்றல் இரு மடங்கானால் அது 3 டெசிபெல் மட்டுமே உயரும், ஆனால் காதுக்கு இரு மடங்கு உரத்துக் கேட்பதற்கோ ஏறத்தாழ 10 டெசிபெல் உயர வேண்டும். முன்னால் உள்ள இரண்டுக்கு நிகரான இரண்டை அதே தொலைவில் சேர்த்து அதே ஆற்றலையும் தந்தால் கிடைப்பது சுமார் 3 டெசிபெல். உணரக்கூடிய உயர்வுதான், ஆயினும் சாலை இரைச்சலை வெல்லப் போதாதது.

ஆற்றல் உண்மையில் எங்கே தடைப்படுகிறது என்பதை அறிய ஒரு சிறு கணக்கு போதும். ஹெட் யூனிட் எனப்படும் முகப்புக் கருவியின் மேல் தடத்துக்கு 50 வாட் வீதம் நான்கு தடங்கள் என்று அச்சிட்டிருப்பது வழக்கம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட், பெரும்பாலான முகப்புக் கருவிகளின் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சில்லு இந்த அழுத்தத்தை உயர்த்துவதில்லை. 14.4ஐ அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வாட் வருகிறது. ஆனால் அலையின் முகடுகள் முழுவதும் வெட்டுப்பட்டுச் சதுரமாகி, இசை கரகரப்பாகச் சிதைந்த நிலையில்தான் அந்த அளவு கிடைக்கும். சிதையாத அலைக்கு அதில் பாதியான 26 வாட்டே கோட்பாட்டு உச்சம். சில்லின் உள் இழப்புகளைக் கழித்தால் 20 வாட்டை ஒட்டி நிற்கும். தனியாகப் பொருத்தப்படும் ஆம்ப்ளிஃபயரோ தன்னுள் இருக்கும் மின்வழங்கியால் அழுத்தத்தை உயர்த்திக்கொள்வதால் இந்த வரம்புக்கு உட்படுவதில்லை. தாங்கக்கூடிய முன் ஸ்பீக்கர்களுக்கு அதிலிருந்து 80 வாட் தந்தால் ஒலியளவு 6 டெசிபெல் உயரும். பின்னால் துளையிட்டு அடையும் 3 டெசிபெலைவிட இது கூடுதல் என்பதோடு, ஒலி வரவேண்டிய திசையும் மாறாது.

இசை நம்மைச் சூழ்ந்து ஒலிக்க வேண்டும், அரங்கில் அப்படித்தானே கேட்கிறது என்பது இரண்டாவது வாதம்; ஐந்தனுள் மிகுந்த கவர்ச்சியுடையதும், மிகுந்த தீங்கு விளைவிப்பதும் இதுவே. அரங்கில் மேடை எதிரே இருக்கிறது. சுற்றிலுமிருந்து வருவது சுவர்களில் பட்டுத் தாமதமாகத் திரும்பும், ஒவ்வொரு பக்கமும் வெவ்வேறாக அமைந்த எதிரொலி. மேடை ஒலியின் படி அன்று. ஆலன் புளூம்லைன் 1931இல் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையே, முன்னால் உள்ள இரு ஸ்பீக்கர்களுக்கு இடையில், ஸ்பீக்கரே இல்லாத ஓரிடத்தில், பாடகர் நிற்பதுபோன்ற ஒலிப்படிமத்தை உருவாக்குவதை அடிப்படையாகக் கொண்டது. பதிவுக்கூடத்தில் ஒலிக்கலவை செய்பவரும் எதிரே இரு ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டுதான் அப்படிமத்தைச் செதுக்குகிறார். பின்னாலிருந்தும் தனித் தகவல் வரவேண்டும் என்ற முயற்சி 1970களில் குவாட்ரஃபோனிக் என்னும் நான்கு தட முறையாக வந்தது; சிபிஎஸ் நிறுவனத்தின் எஸ்க்யூ, சான்சுயியின் க்யூஎஸ், ஜேவிசியின் சிடி-4 என ஒன்றுக்கொன்று ஒவ்வாத முறைகளாகப் பிரிந்து சில ஆண்டுகளில் மங்கியது. அதிலாவது பின் ஸ்பீக்கர்களுக்கென்று தனியே பதிவான ஒலி இருந்தது. காரில் பின்னால் சேர்க்கும் ஸ்பீக்கர்களுக்கோ முன்னால் ஒலிப்பதே மறுபடி செல்கிறது.

அந்த மறுபடி ஒலி காதில் என்ன செய்கிறது என்பதை இடத்தின் அளவே தீர்மானிக்கிறது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சில மில்லி விநாடி இடைவெளியில் வந்தால், மனித மூளை அவற்றை ஒன்றாகக் கலந்து, முதலில் வந்தது எத்திசையோ அத்திசையிலேயே முழு ஒலியும் இருப்பதாகக் கொள்ளும். முந்து விளைவு எனத்தக்க இதனை ஹெல்முட் ஹாஸ் 1949இல் விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயராலும் இது வழங்குகிறது. நால்வர் அமரும் செடான் காரில் பின் ஸ்பீக்கர்கள் ஓட்டுநரிடமிருந்து முன் ஸ்பீக்கர்களைவிடத் தொலைவில் இருப்பதால் முன்னொலி முந்துகிறது. பின்னொலி பெரும்பாலும் இடையூறு செய்வதில்லை. ஈரிருக்கைக் காரில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. கதவு ஸ்பீக்கர் ஓட்டுநரின் காதிலிருந்து ஒரு மீட்டர் தொலைவிலும், இருக்கைக்குப் பின்னுள்ளது 40 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், விநாடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலி பின்னாலிருந்து ஏறத்தாழ 1.75 மில்லி விநாடி முன்னதாகவே வந்துவிடுகிறது. அருகில் இருப்பதால் உரத்தும் கேட்கிறது. விளைவாகப் பாடகர் காரின் முகப்பை விட்டுப் பிடரிக்குப் பின்னால் போய்விடுகிறார்.

திசை மட்டும் கெடுவதன்று, தொனியும் கெடுகிறது. 1.75 மில்லி விநாடி வேறுபாட்டுடன் வரும் இரு அலைகளில், 286 ஹெர்ட்ஸ் அலை எதிரெதிர் நிலையில் சந்தித்து ஒன்றையொன்று அழிக்க முயலும். அதன் மூன்று மடங்கான 857 ஹெர்ட்ஸிலும், ஐந்து மடங்கான 1,429 ஹெர்ட்ஸிலும் அவ்வாறே நிகழும். இவை யாவும் மனிதக் குரலின் எல்லைக்குள் விழுபவை. அளவு வரைபடத்தில் சீப்பின் பற்கள்போலப் பள்ளங்கள் தோன்றுவதால் ஒலியியலார் இதைச் சீப்பு வடிகட்டல் என்பர். காருக்குள் எதிரொலிகள் அப்பள்ளங்களை ஓரளவு நிரப்பினாலும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற தன்மை எஞ்சுகிறது. நிறைவு என்று முதல் நாளில் மயங்கவைப்பது பெரும்பாலும் இந்தக் கலங்கலே.

முன் ஸ்பீக்கர்கள் சிறியவை, ஆகவே பேஸ் எனப்படும் ஆழ்ந்த ஒலியைப் பின்புறத்தவை ஈடுசெய்யும் என்பது மூன்றாவது வாதம். ஆழ்ந்த ஒலிக்கு வேண்டியது காற்றைத் தள்ளும் பரப்பும் தூரமும். ஒலியின் அதிர்வெண் பாதியாகும்போது அதே அளவு உரக்கக் கேட்க, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின்னாக நகர வேண்டும். கதவில் வரும் 16.5 சென்டிமீட்டர் ஸ்பீக்கரின் பயன்படு பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். இருக்கைக்குப் பின்னுள்ள குறுகிய இடத்தில் அடங்கும் 10 சென்டிமீட்டர் ஸ்பீக்கருக்கோ அதில் பாதிகூட இல்லை. பெரியதே அடங்குவதில்லை எனும்போது சிறியவை எப்படி ஆழ்ந்த ஒலியைச் சுமக்கும்? மேலும், கூம்பின் முன்புறம் எழுப்பும் அலையும் பின்புறம் எழுப்பும் அலையும் எதிரெதிரானவை. அவற்றைப் பிரிக்கும் மூடிய பெட்டி இல்லாமல் பிளாஸ்டிக் தட்டில் துளையிட்டுப் பொருத்தினால், ஆழ்ந்த ஒலியில் அவை கலந்து தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும்.

இதே விதி கதவிலுள்ள குறையையும் காட்டிக்கொடுக்கிறது. கதவின் உட்தகட்டில் ஜன்னல் பொறிக்காக விடப்பட்ட பெரிய துளைகள் வழியே பின்னலை வெளியேறி முன்னலையோடு கலக்கிறது. அத்துளைகளை அடைத்து, தகட்டின் அதிர்வை ஒடுக்கும் பியூட்டைல் ரப்பர் விரிப்பை ஒட்டினால், இருக்கும் ஸ்பீக்கரே முன்பு தராத ஆழத்தைத் தரத் தொடங்கும். அதற்கும் கீழே இறங்க வேண்டுமானால் சப்வூஃபர் எனப்படும் ஆழ்நிலை ஸ்பீக்கரே வழி. 25 சென்டிமீட்டர் சப்வூஃபர் ஒன்றின் பரப்பு சுமார் 330 சதுர சென்டிமீட்டர்; 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் திசையைக் காது எளிதில் அறிவதில்லையாதலால் அதைப் பயணியின் காலடியில் மறைத்து வைத்தாலும் ஒலி முன்னிருந்து வருவதாகவே தோன்றும். மூடிய காரின் சிறிய உட்புறம் ஆழ்ந்த ஒலியை இயல்பாகவே உயர்த்தித் தருகிறது. கூரையைத் திறந்தால் அவ்வுதவி போய்விடுவதால், திறந்த கூரைக் காருக்கு இத்தேவை இன்னும் கூடுதல்.

கம்பிகள் தயாராக உள்ளன, கருவியில் நான்கு தடங்கள் உள்ளன, இணைப்பதில் என்ன சிரமம் என்பது நான்காவது வாதம். பின் தடங்கள் உண்மையிலேயே காலியாக இருந்தால் மின்னியல் தடை இல்லை. ஆனால் முன் தடத்திலேயே இரண்டாவது ஸ்பீக்கரையும் இணையாகச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்போது 4 ஓம் தடை 2 ஓமாகக் குறைந்து, மின்னோட்டம் இரு மடங்காகி, 4 ஓமுக்கென வடிவமைத்த சில்லு சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஒரு ஸ்பீக்கரின் நேர், எதிர் முனைகள் மாறிவிட்டாலோ, மற்றது முன்னே தள்ளும்போது அது பின்னே இழுத்து, இருந்த பேஸையும் கரைத்துவிடும். இதைக் கண்டறிய 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றே போதும்: அதன் நேர் முனையை ஸ்பீக்கரின் நேர் முனையில் நொடிப்பொழுது தொட்டால் கூம்பு வெளிநோக்கி நகர வேண்டும், உள்நோக்கி நகர்ந்தால் முனைகள் மாறியிருக்கின்றன.

புதிய கார்களில் சிக்கல் இதனினும் ஆழமானது. பல தொழிற்சாலை ஆம்ப்ளிஃபயர்கள், தம் ஸ்பீக்கர்களுக்கு ஏற்பத் தொனியைத் திருத்தி, ஒலியளவு கூடக்கூடப் பேஸைக் குறைத்தே அனுப்புகின்றன. அங்கிருந்து கம்பி எடுத்தால் அத்திருத்தங்களும் கூடவே வரும். 2011இல் வந்த எஃப்10 வகை பிஎம்டபிள்யூ எம்5 எஞ்சினின் ஓசையையே ஸ்பீக்கர்கள் வழியாக ஒலிக்கச் செய்தது. இத்தகைய அமைப்பில் கைவைத்தால் பாட்டோடு எஞ்சின் ஓசையின் சமநிலையும் மாறும். துளையிடும் இடமும் கவனத்துக்குரியது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் இருக்கைகளுக்குப் பின்னுள்ள தளத்தின் அடியில்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. அங்கே துரப்பணத்தை எடுப்பவருக்கு இசையறிவைவிட அந்த அறிவே முதலில் வேண்டும்.

உற்பத்தியாளர்களே பின்னால் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்களே என்பது ஐந்தாவது வாதம். இது மெய்யானது, மற்ற நான்கையும்விட மதிப்புடன் எதிர்கொள்ள வேண்டியது. 1984ஆம் ஆண்டு மாதிரி கார்வெட் காருக்கு டெல்கோ-போஸ் அமைப்பு விருப்பத் தேர்வாகக் கிடைத்தது; அதில் பின்புற ஸ்பீக்கர்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனிப் பெட்டியும் தனி ஆம்ப்ளிஃபயரும் தரப்பட்டு, அந்தக் காரின் உட்புறத்துக்கென்றே தொனி திருத்தப்பட்டிருந்தது. 1989இல் அறிமுகமான எம்எக்ஸ்-5க்கும், இன்றைய நான்காம் தலைமுறைக்குக் கிடைக்கும் ஒன்பது ஸ்பீக்கர் போஸ் அமைப்புக்கும் தலைச்சாய்வுக்குள் ஸ்பீக்கர்கள் உண்டு. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான தொலைவு பாதியாகும் ஒவ்வொரு முறையும் நேரொலி சுமார் 6 டெசிபெல் உயர்வதால், காதருகே மெல்ல ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர்கூடக் கூரை திறந்த நிலையில் தொலைபேசிக் குரலையும் வழிகாட்டிக் குரலையும் தெளிவாகக் கேட்கச் செய்கிறது. இசைக்கு அவை உதவ வேண்டுமானால், அவற்றின் ஒலியைச் சில மில்லி விநாடி தாமதித்து, அளவைத் தாழ்த்தி, மேல்தொனிகளை மட்டுப்படுத்த வேண்டும். டிஎஸ்பி எனப்படும் இலக்கமுறை ஒலிச்செயலி செய்வது இதையே. எனவே உற்பத்தியாளரின் முன்மாதிரி நிறுவுவது, தாமதமும் தொனியும் அளவும் சரிசெய்யப்பட்ட பின் ஸ்பீக்கரைத்தான். கடையில் வாங்கிக் காலியான தடத்தில் இணைத்துவிடும் ஸ்பீக்கரை அன்று.

இவற்றிலிருந்து செலவுக்கு ஒரு வரிசை தானே அமைகிறது. முதலில் கதவின் துளைகளை அடைத்து அதிர்வை ஒடுக்குவது. அடுத்து முன் ஸ்பீக்கர்களைத் தரமானவையாக மாற்றித் தனி ஆம்ப்ளிஃபயரால் இயக்குவது. பின்னர் ஒரு சிறிய சப்வூஃபர். அதன்பின் இடது, வலது ஒலிகள் ஓட்டுநரை ஒரே நேரத்தில் அடையும்படி தாமதத்தைச் சீராக்கும் ஒலிச்செயலி. இந்த நான்கும் முடிந்தபின், கூரையைத் திறந்தே ஓட்டுபவருக்குக் குரல் இன்னும் தெளிவாக வேண்டுமெனில், அதே ஒலிச்செயலியால் கட்டுப்படுத்தப்படும் தலைச்சாய்வு ஸ்பீக்கர்களுக்கு இடமுண்டு. பின்னிருக்கையில் ஆள் அமரும் காரில் அந்த ஆளுக்காக ஸ்பீக்கர் வைப்பதும் நியாயமே. ஏற்கெனவே பின் ஸ்பீக்கர் பொருத்திவிட்டவர்கள் ஃபேடர் எனப்படும் முன்பின் சமநிலைத் திருகை முழுவதும் முன்னே தள்ளி, குறைந்த ஒலியளவை ஈடுகட்ட வால்யூமைச் சற்று உயர்த்தி, பழகிய ஒரு பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம். குரல் முகப்பின் நடுவில் வந்து தெளிந்து நின்றால், பின்னால் செய்த செலவு எதைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.