கரியும் வைரமும்

திருநாள் பூசையில் தூபக்கலசத்தில் கனலும் கரித்துண்டு, மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் எழுதும் பென்சிலின் கரிய முனை, மணமகளின் காதில் சுடர்விடும் வைரத்தோடு. இம்மூன்றிலும் இருப்பது ஒரே கார்பன் என்றால் வியப்பாக இருக்கும். ஆயினும் உண்மை அதுவே. 1797ஆம் ஆண்டில் ஸ்மித்சன் டெனன்ட் என்னும் ஆங்கில அறிஞர் வைரத்தை எரித்துப் பார்த்தார். அதே எடையுள்ள மரக்கரி எரிந்தால் எவ்வளவு கரியமில வாயு எழுமோ, அவ்வளவே வைரத்திலிருந்தும் எழுந்தது.

அணு ஒன்றே எனில் வேற்றுமை எங்கிருந்து வந்தது? ஓர் அணு தன் அயலணுக்களைப் பற்றிக்கொள்ளும் முறையிலிருந்து வந்தது. கார்பன் அணுவுக்குப் பிணைப்புக்கென நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றை நான்கு கைகள் எனக் கொள்வோம். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு கைகளாலும் நான்கு அணுக்களை இறுகப் பற்றி நிற்கிறது. ஆகவே அது எத்திசையிலும் நெகிழாத கடினம் பெறுகிறது. ஓய்ந்த கை ஒன்றும் இல்லாமையால் அதில் மின்சாரம் பாய்வதில்லை.

பென்சிலில் களிமண்ணோடு கலந்திருப்பது கிராபைட். இதில் ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களை மட்டும் பற்றித் தேனடை போன்ற அறுகோணத் தளமாக அமைகிறது. தளத்தினுள் உள்ள பிடி வைரத்தின் பிடியினும் வலிது. தளங்களுக்கிடையே உள்ள பிடியோ மிக மெல்லியது. அதனால் கிராபைட் ஏடு ஏடாக வழுக்கித் தாளில் எழுத்தாகிறது. நான்காம் கை எந்த ஓர் அயலாருக்கும் உரியதாகாமல் தளம் முழுவதற்கும் பொதுவாகிறது. கிராபைட்டில் மின்சாரம் பாய்வது இதனாலேயே. மரக்கரியிலும் இத்தகைய நுண்ணிய ஏடுகளே ஒழுங்கின்றிக் குவிந்துள்ளன.

இந்தக் கிராபைட் நம் சிவகங்கைச் சீமையின் மண்ணிலேயே கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதனை வெட்டியெடுத்துத் தூய்மையாக்க இங்கு ஆலை நிறுவியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததால் காரைக்குடியில் எழுந்து, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மின்கலங்களை ஆராய்கிறது. கைப்பேசியின் லித்தியம் மின்கலத்தில் ஒரு முனையாக நின்று உழைப்பதும் பெரும்பாலும் கிராபைட்டே.

இவ்வளவும் அறிந்த பின் நம் இல்லங்களைச் சற்று நோக்குவோம். வரதட்சணையைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. ஆயினும் தோட்டில் எத்தனை கல் என்று கேட்டு மணம் பேசும் வழக்கம் நம்மிடையே முற்றிலும் ஒழிந்தபாடில்லை. ஒரு சோடித் தோட்டுக்காகத் தந்தை நிலத்தை அடகு வைக்கிறார். தாய் உறக்கம் இழக்கிறாள். காதில் ஏறும் அந்தக் கல்லோ அடுப்புக்கரியின் உடன்பிறப்பு!

படைத்தவர் ஒரே அணுவைக் கொண்டு இத்தனை கோலங்களைச் சமைத்தார். கோலத்தின் குணத்தை வகுப்பது பிணைப்பே. குடும்பத்துக்கும் இது பொருந்தும். மணமக்கள் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்பதைவிட, ஒருவரையொருவர் எப்படிப் பற்றிக்கொள்கிறார்கள் என்பதே இல்லறத்தை நிலைநிறுத்தும். அதனோடு, கிராபைட்டைப் போல் ஒரு கையேனும் அயலாருக்கும் பங்குக்கும் பொதுவாக நீளுமாயின் அவ்வீட்டின் வழியே நன்மை பாயும். இவ்வாண்டு மணம் பேசவிருக்கும் பெற்றோர், கல்லின் எண்ணிக்கையைக் கேட்குமுன் இதனைச் சிந்திப்பார்களாக.