ஓர் இசைத்தட்டின் தயவு

பிரிட்டனின் ப்ளூஸ், சைகடெலிக் ராக் அலை அறுபதுகளில் இந்திய நகரங்களையும் தொட்டது. அலையோடு எழுந்த குழுக்கள் பல அலையோடே மறைந்தன. சென்னையின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’ குழுவை இன்றும் நாம் கேட்க முடிகிறதென்றால், இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியே காரணம். அதில் பங்கேற்ற குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் இசைத்தட்டுகளாகத் தொகுக்கப்பட்டன.

சங்கப் புலவர் பலர் ஒற்றைப் பாடலாகவே நமக்கு எஞ்சியுள்ளனர். செம்புலப்பெயனீராரின் இயற்பெயரும் தெரியாது. குறுந்தொகை அவரைக் காத்தது. ஆக்கியவருக்கு நிகரானவர் தொகுத்தவர் என்பது என் துணிபு. தொகுத்தவரின் நோக்கம் வணிகமா, வள்ளன்மையா என்று காலம் கேட்பதில்லை.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் திருவிழா மேடைகளில் விடிய விடியப் பாடிய மெல்லிசைக் குழுக்கள் எத்தனை! ‘பிறர் பாட்டைப் பாடியவர்கள்தாமே’ என்று ஒதுக்குவோர் உண்டு. சிம்லா பீட் குழுக்களும் பிறர் பாட்டைப் பாடி வளர்ந்தவைதாம். அம்மேடைக் கலைஞர்கள் முதுமை எய்திவிட்டனர். வீட்டு அலமாரிகளில் எஞ்சியிருக்கும் ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்து அழியுமுன் நம் கல்லூரித் தமிழ்த்துறைகள் அவற்றைத் திரட்ட வேண்டும். இன்னொரு சிகரெட் நிறுவனம் வரட்டும் என்று காத்திருக்கலாகாது.