'2 ஆண்டுகளுக்கு முன்' என்றால் எப்போது?

செய்தி எழுத வரும் இளைஞர்களுக்கு நாம் முதலில் கற்றுக்கொடுப்பது யார், என்ன, எங்கே, எப்போது என்ற கேள்விகளைத்தான். இன்றைய இணையத்தளங்களும் கைத்தொலைபேசிச் செயலிகளும் 'எப்போது' என்பதற்கு விசித்திரமாகப் பதில் சொல்லப் பழகிவிட்டன. '3 மணிநேரத்திற்கு முன்', 'கடந்த மாதம்', '2 ஆண்டுகளுக்கு முன்'. (எங்கள் ஊரில் அது மணித்தியாலம். அந்தச் சண்டை வேறு.)

கணினிக்குள் காலம் இவ்வளவு மங்கலாக இல்லை. யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 தொடக்கம் கடந்த வினாடிகளை எண்ணி வைத்திருக்கின்றன. வாசகருக்குக் காட்டும்போதுதான் அது மழுங்கடிக்கப்படுகிறது. இணையத்தளம் அமைப்போர் பயன்படுத்தும் 'ரூபி ஒன் ரெயில்ஸ்' என்ற மென்பொருளில் இதற்கெனவே ஒரு கருவி உண்டு. அதற்கு 45 நிமிடமும் 'ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்', 89 நிமிடமும் 'ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்'.

இம்முறையால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ரொறன்ரோவில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் '10 நிமிடங்களுக்கு முன்' என்பது ஒன்றே. இலங்கை அரசு 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்நகர்த்தி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளி, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியோ பழைய நேரத்தை விடவேயில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம்! அந்நாளில் இக்கணக்கு உதவியிருக்கும்.

ஆனால், அந்த உதவி ஒரு நாளுடன் தீர்ந்துவிடுகிறது. ஒருவர் திரையைப் படமெடுத்து மற்றவருக்கு அனுப்பியதும் '2 மணிநேரத்திற்கு முன்' என்பது அப்படியே உறைந்துவிடும். என்றோ நடந்த வெள்ளமும் என்றோ நடந்த கைதும் இன்று நடந்தவையாக உலாவத் தொடங்கும். காணாமற்போன மகனைப் பற்றிய பத்திரிகை நறுக்கை ஒரு தாய் பாதுகாத்து வைத்திருந்தால், அதன் ஓரத்தில் திகதி எழுதியிருப்பாள். '5 ஆண்டுகளுக்கு முன்' என்று மட்டும் காட்டும் திரைப்படத்தை எந்த விசாரணையில் சாட்சியமாக வைப்பது?

பத்திரிகையும் 'நேற்று' என்று எழுதுகிறதே எனலாம். எழுதுகிறது, ஆனால் பக்கத்தின் தலையில் திகதி நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக்குடம் கொடுத்த நாளை, இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்கிறது கல்வெட்டு. அதுவும் ஒன்றிலிருந்து எண்ணும் கணக்குத்தான். எதிலிருந்து என்பது கல்லிலேயே இருப்பதால் 1010 என்று நம்மால் சொல்ல முடிகிறது.

எழுத்தின் மேல் சுட்டியை வைத்தால் முழுத் திகதியும் தோன்றும் என்று கணினித்துறை நண்பர்கள் சமாதானம் சொல்வார்கள். கைத்தொலைபேசியில் சுட்டி ஏது? அச்சிட்ட தாளில் ஏது? ஒரு நாளைக் கடந்த எதற்கும் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் வெளிப்படையாகவே போடுங்கள். எத்தனை நாளாயிற்று என்பதையும் விரும்பினால் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.